அறுபத்து நான்கு கட்டங்களின் எண்

18,446,744,073,709,551,615

இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஓர் இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி என்று சொல்லி மூச்சு வாங்கிய பிறகும் கொஞ்சம் மீதி இருக்கும். மொத்தம் இருபது இலக்கங்கள். இது யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதிய எண் அல்ல. ஒரு விளையாட்டுப் பலகையில் பிறந்த எண். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முஸ்லிம் அறிஞர் இதைக் கணித்து எழுதிவைத்திருக்கிறார். இதன் காரணிகளைத் தேடிச் செல்பவர், கணித வரலாற்றின் புகழ்பெற்ற தவறொன்றின் முன்னால் போய் நிற்பார்.

எவராலும் ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்க இயலாத ஓர் எண்ணை நாம் எவ்வாறு முழுமையாக அறிந்துகொள்கிறோம்? இக்கட்டுரை அதைத்தான் சொல்ல விரும்புகிறது. இதைப் பின்தொடர உயர்தரக் கணிதம் வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் படித்த ‘இரு வர்க்கங்களின் வித்தியாசம்’ நினைவில் இருந்தால் போதும்.

அரசனும் கோதுமை மணிகளும்

கதை பலருக்கும் தெரிந்ததே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான், ‘வபயாத்துல் அஃயான்’ என்ற தமது வாழ்க்கை வரலாற்று நூலில் இதை எழுதியுள்ளார். சதுரங்கத்தைக் கண்டுபிடித்த ஸிஸ்ஸா என்ற இந்தியரிடம், “வேண்டியதைக் கேள்” என்றான் அரசன் ஷஹ்ராம். “பலகையின் முதற் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாம் கட்டத்திற்கு நான்கு. இப்படி ஒவ்வொரு கட்டத்திற்கும் முந்தியதைப் போல இரு மடங்காக 64 கட்டங்களுக்கும் தந்தால் போதும்” என்றார் ஸிஸ்ஸா. இவ்வளவுதானா என்று அரசன் அலட்சியமாக நினைத்தான். கணக்குப் பார்த்தபோதுதான், நாட்டிலுள்ள தானியம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது என்பது தெரியவந்தது.

இக்கதை உண்மையில் நடந்ததா என்பது எமக்கு முக்கியமல்ல. கணக்கு உண்மையானது. இப்னு கல்லிகானுக்கே முதலில் இதில் சந்தேகம் இருந்தது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கணக்காளர் ஒருவர் அவருக்குக் கணக்கை விளக்கிக் காட்டினார். பதினாறாம் கட்டத்தில் 32,768 மணிகள். அதை ஒரு கிண்ண அளவு என்று வைத்துக்கொண்டால், நாற்பதாம் கட்டத்தில் அது ஒரு தானியக் களஞ்சியமாகிவிடும். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அத்தனை களஞ்சியங்கள் உள்ள இடம் ஒரு நகரம் என்றால், அறுபத்து நான்காம் கட்டத்திற்கு மட்டும் 16,384 நகரங்கள் வேண்டும். அந்தக் கணக்காளர் இருபது இலக்க எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. கிண்ணம், களஞ்சியம், நகரம் என்று கைக்கு எட்டும் அளவிலிருந்து படிப்படியாக ஏறிக் காட்டினார். நல்ல ஆசிரியர் ஒருவர் செய்வதும் அதுதானே!

அல்-பிரூனியின் குறுக்குவழி

இப்னு கல்லிகானுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் அல்-பிரூனி. 973ஆம் ஆண்டில் மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் பகுதியில் பிறந்தவர். பல சமூகங்களின் நாட்காட்டிகளை ஆராயும் ‘அல்-ஆஸார் அல்-பாகியா’ என்ற நூலை 1000ஆம் ஆண்டளவில் எழுதினார். சதுரங்கப் பலகையின் கணக்கை அந்த நூலில் அவர் செய்துகாட்டியிருக்கிறார். 63 தடவை இரட்டிப்பாக்கி, 64 எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவதற்குப் பதிலாக அவர் இரண்டு விதிகளைப் பயன்படுத்தினார்.

முதலாவது விதி: எந்தக் கட்டத்தில் உள்ள எண்ணும், அதற்கு முந்திய எல்லாக் கட்டங்களினதும் கூட்டுத்தொகையை விட ஒன்று மட்டுமே கூடியது. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 7. அடுத்த கட்டத்தில் இருப்பது 8. இது ஏன் எப்போதும் உண்மையாகிறது? அடுத்த வீட்டிலிருந்து ஒரே ஒரு மணியைக் கடன் வாங்குங்கள். அதை முதற் கட்டத்து மணியோடு சேர்த்தால் 2. அந்த 2ஐ இரண்டாம் கட்டத்து 2உடன் சேர்த்தால் 4. அந்த 4ஐ மூன்றாம் கட்டத்து 4உடன் சேர்த்தால் 8. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் 64ஆம் கட்டத்தைத் தாண்டி, பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்தின் எண் கையில் நிற்கும். அது 2⁶⁴. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதி 2⁶⁴ − 1. உயர்தரத்தில் ‘பெருக்கல் விருத்தி’ என்று நாம் படிக்கும் சூத்திரத்தின் உயிர் இந்த ஒரு மணிக் கடனில் இருக்கிறது.

இரண்டாவது விதி: ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கித்தால் வருவதும் பலகையில் உள்ள எண்தான். முதற் கட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தோமோ, இன்னும் அவ்வளவு தூரம் போனால் அது கிடைக்கும். ஐந்தாம் கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256 ஒன்பதாம் கட்டத்தில் இருக்கிறது. 256இன் வர்க்கம் 65,536 பதினேழாம் கட்டத்தில். அதன் வர்க்கம் 4,294,967,296 முப்பத்து மூன்றாம் கட்டத்தில். அதையும் வர்க்கித்தால் 65ஆம் கட்டத்திற்கு வந்துவிடுவோம். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் நமது எண். ஆக, 16இலிருந்து நான்கே நான்கு பெருக்கல்கள்!

எவ்வளவு பெரியது?

உயர்தர இணைந்த கணிதப் பரீட்சைக்குக் கணிகருவி கொண்டுசெல்ல முடியாது. ஆனால் இந்த எண்ணுக்கு எத்தனை இலக்கங்கள் என்று அறிய அது தேவையுமில்லை. மடக்கை அட்டவணையில் 2இன் மடக்கை 0.3010. அதை 64ஆல் பெருக்கினால் 19.264. எனவே 2⁶⁴ இருபது இலக்கங்களைக் கொண்டது. கடைசி இலக்கத்தையும் சொல்லிவிடலாம். 2இன் வலுக்களின் கடைசி இலக்கங்கள் 2, 4, 8, 6 என்று மாறி மாறி வரும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ இன் கடைசி இலக்கம் 6. ஒன்றைக் கழித்தால் 5. எண்ணை எழுதுவதற்கு முன்னரே அதன் நீளமும் முடிவும் எமக்குத் தெரிந்துவிட்டன.

இதன் பருமனை உணர்ந்துகொள்ள இரண்டு கணக்குகள். ஒரு கிராமில் 25 கோதுமை மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஸிஸ்ஸா கேட்டது ஏறத்தாழ 73,800 கோடி மெற்றிக் தொன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் கோதுமை கிட்டத்தட்ட 80 கோடி தொன். அப்படியானால் இன்றைய உலகமே 900 ஆண்டுகளுக்கு மேல் விளைவித்துக் கொடுக்க வேண்டும்.

மற்றையது, ஒரு செக்கனுக்கு ஒரு மணி வீதம் இரவு பகலாக எண்ணுவதாக இருந்தால் ஏறத்தாழ 58,400 கோடி ஆண்டுகள் தேவை. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. பிரபஞ்சத்தின் வயதைப் போல நாற்பது மடங்குக்கு மேல் இருந்தால்தான் எண்ணி முடிக்கலாம்.

இதே எண் வேறோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூகாஸ் 1883இல் ‘ஹனோய் கோபுரம்’ என்ற புதிரை வெளியிட்டார். மூன்று கம்பிகளில் ஒன்றில் அடுக்கியுள்ள தட்டுகளை, பெரியது சிறியதன்மேல் வராமல், ஒவ்வொன்றாக வேறொரு கம்பிக்கு மாற்ற வேண்டும். 64 தட்டுகள் இருந்தால் குறைந்தபட்சம் எத்தனை நகர்வுகள் தேவை? ஒரு தட்டு கூடும்போதெல்லாம் நகர்வுகள் இருமடங்காகி ஒன்று கூடும். அதனால் விடை அதே 18,446,744,073,709,551,615தான். கோதுமைக்கும் தட்டுக்கும் உறவில்லை. இரட்டிப்பாகும் விதி ஒன்றாக இருப்பதால் எண்ணும் ஒன்றாகிவிட்டது.

உள்ளே இருப்பவை

இனி எண்ணைத் திறந்து பார்ப்போம். கடைசி இலக்கம் 5 என்பதால் ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே நமது எண்ணும் அப்படியே. ஆனால் இப்படி ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. 2⁶⁴ ஒரு வர்க்கம், 1உம் ஒரு வர்க்கம். எனவே இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பயன்படுத்தலாம்:

2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1)

இடது பக்க அடைப்புக்குள் இருப்பதும் இரு வர்க்கங்களின் வித்தியாசம்தான். அதையும் உடைக்கலாம். இப்படி ஆறு தடவை உடைத்தால் நமக்குக் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

இந்த ஆறு எண்களையும் நன்றாகப் பாருங்கள். அல்-பிரூனி ஏறிய வர்க்க ஏணியின் படிகள் 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296. ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கூட்டியவைதாம் இந்த ஆறும். இருபது இலக்க எண் ஒன்று மூன்று வரிகளில் ஆறு துண்டுகளாகிவிட்டது. இனி ஒரு கேள்விதான் மீதி. இந்தத் துண்டுகளை மேலும் உடைக்க முடியுமா?

ஆறாவது எண்

இதே வரிசையை 1640ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர் பியர் டி பெர்மா. பிரான்ஸின் துலூஸ் நகரில் சட்டத்துறையில் பணியாற்றிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்த மேதை அவர். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள். எனவே இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் முதன்மை எண்களே என்று அவர் நம்பினார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டபோதிலும் தமது நம்பிக்கையை நண்பர்களுக்குக் கடிதங்களில் எழுதினார்.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்தன. 1729இல் கோல்ட்பாக் என்பவர், ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் இருந்த இளம் கணிதவியலாளர் ஒயிலருக்கு இக்கூற்றைப் பற்றி எழுதிக் கேட்டார். 1732இல் ஒயிலர் விடையை அறிவித்தார். ஆறாவது எண்ணான 4,294,967,297 முதன்மை எண் அல்ல. அது 641ஆல் வகுபடும்:

4,294,967,297 = 641 × 6,700,417

641ஐ எப்படிப் பிடித்தார்? ஆறாவது எண்ணுக்கு முதன்மைக் காரணி ஏதேனும் இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று ஒயிலரின் முறை காட்டுகிறது. அப்படியானால் 65, 129, 193, 257 என்று செல்லும் எண்களில் முதன்மையானவற்றை மட்டும் சோதித்தால் போதும். 193, 257, 449, 577 ஆகிய நான்கும் சரிவரவில்லை. ஐந்தாவதாக வருவது 641.

641ஆல் வகுபடும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே காட்டலாம். நான் படித்த நிறுவல்களுள் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்.

641 = 640 + 1, இங்கே 640 = 5 × 2⁷
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸ ஆல் பெருக்குவோம். 5⁴ × 2²⁸ + 2³² கிடைக்கும். இது 641ஆல் வகுபடும். ஆனால் 5⁴ × 2²⁸ என்பது 640⁴ தான். இனி 640⁴ − 1ஐ எடுத்துக்கொள்வோம். இரு வர்க்கங்களின் வித்தியாசப்படி அது (640 − 1) × (640 + 1) × (640² + 1). நடுவில் 641 இருப்பதால் இதுவும் 641ஆல் வகுபடும். 641ஆல் வகுபடும் இரண்டு எண்களின் வித்தியாசமும் 641ஆல் வகுபட வேண்டும். 640⁴ + 2³² இலிருந்து 640⁴ − 1ஐக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1. அதுதான் 4,294,967,297. நிறுவல் முடிந்தது.

6,700,417 ஒரு முதன்மை எண். ஆகவே நமது எண்ணின் முழு விபரம் இதுதான்:

18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

ஏழு வெவ்வேறு முதன்மை எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் இந்த எண்ணுக்கு 2⁷, அதாவது 128 காரணிகள் உள்ளன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, குறைவாகவும் இல்லை.

பெர்மாவின் வரிசையில் ஆறாவது முதல் முப்பத்து மூன்றாவது வரையுள்ள எல்லா எண்களும் சேர்த்தி எண்கள் என்று இன்று தெரியும். முதல் ஐந்துக்குப் பிறகு அவ்வரிசையில் ஒரு முதன்மை எண்கூட இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் பார்த்த ஐந்து உதாரணங்களைத் தவிர, அவருடைய நம்பிக்கைக்கு ஆதரவாக இன்றுவரை ஒன்றுமே கிடைக்கவில்லை!

பாதிப் பலகையும் பதினெட்டு வயது மாணவனும்

அந்த ஐந்து முதன்மை எண்களும் வீண்போகவில்லை. 1796இல் ஜேர்மனியைச் சேர்ந்த கவுஸ், தமது பதினெட்டாவது வயதில், 17 பக்கங்களைக் கொண்ட ஒழுங்கான பல்கோணியை வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அமைக்க முடியும் எனக் காட்டினார். கிரேக்கர் காலத்திலிருந்து எவரும் அறியாதிருந்த விடயம் இது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது பெர்மாவின் முதன்மை எண்களில் ஒன்றாகவோ வெவ்வேறானவற்றின் பெருக்கமாகவோ இருக்க வேண்டும் என்பதே விதி.

அறியப்பட்ட ஐந்தையும் கொண்டு அப்படி 31 எண்களை அமைக்கலாம். அவற்றுள் மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கி வரும் 4,294,967,295. அது வேறொன்றுமல்ல, சதுரங்கப் பலகையின் முதல் 32 கட்டங்களில் உள்ள மணிகளின் கூட்டுத்தொகை. சரியாகப் பாதிப் பலகை!

எமது கைகளில் உள்ள எண்

இந்த எண் பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. துவித எண் முறையில் எழுதினால் இது 64 ஒன்றுகளைக் கொண்ட வரிசை. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் இலக்கம். அந்தக் கட்டத்து மணிகளை எடுத்தால் 1, விட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், பூச்சியத்திலிருந்து நமது எண் வரை எந்த முழு எண்ணையும் இந்தப் பலகையால் எழுதிவிடலாம். ‘64 பிட்’ என்று கூறப்படும் கணினிகளும் கைபேசிகளும் ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய, குறி இல்லாத மிகப் பெரிய முழு எண் இதுவே.

2014இல் ஒரு கொரியப் பாடலின் காணொளியைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2,147,483,647ஐத் தாண்டியபோது, யூடியூப் நிறுவனம் அதன் எண்ணும் கருவியை விரிவாக்க வேண்டியிருந்தது. பழைய எல்லை பலகையின் முதல் 31 கட்டங்களின் கூட்டுத்தொகை. புதிய எல்லை முதல் 63 கட்டங்களின் கூட்டுத்தொகை. ஸிஸ்ஸாவின் பலகை இன்னும் பாவனையில் இருக்கிறது என்றுதானே சொல்ல வேண்டும்?

ஐந்து உதாரணங்கள் போதுமா?

இந்த எண் எமக்குத் தரும் பாடம் அதன் பருமனில் இல்லை. பெர்மா சாதாரண மனிதர் அல்லர். ஐந்து தடவை சரியாக வந்த ஒன்று ஆறாவது தடவையும் சரியாகத்தான் வரும் என்று அவரே நினைத்தார். நாம் எத்தனை விடயங்களை ஐந்து உதாரணங்கள்கூட இல்லாமல் நம்பிவிடுகிறோம்! கடந்தகால வினாத்தாள்களில் தொடர்ந்து வந்த வினா இவ்வருடமும் வரும் என்று பந்தயம் கட்டுகிறோம். கைபேசியில் மூன்று பேர் அனுப்பிய செய்தி உண்மையாகத்தான் இருக்கும் என்று நான்காமவருக்கு அனுப்புகிறோம்.

“பெண் பிள்ளைகளுக்குக் கணிதப் பிரிவு சரிவராது” என்ற பேச்சும் அப்படிப்பட்டதே. மாமியின் மகளுக்கு முடியவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை இடையில் பாடம் மாற்றிக்கொண்டது என்று நான்கைந்து கதைகள் சொல்லப்படும். பதினொன்றாம் தரத்துப் பிள்ளை எந்தப் பிரிவைத் தெரிவுசெய்வது என்று வீட்டில் பேசும் இரவில், அந்த நான்கைந்து கதைகளே தீர்ப்பாகிவிடுகின்றன. பெற்றோரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதாரணங்கள் எத்தனை சேர்ந்தாலும் அவை நிறுவல் ஆகா. ‘எல்லாம்’, ‘எவராலும்’ என்று தொடங்கும் ஒரு கூற்றை வீழ்த்த ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும். பெர்மாவின் கூற்றுக்கு 641 போதுமாக இருந்தது. எமது கல்லூரியின் உயர்தரக் கணித வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மாணவியும் அந்தப் பேச்சுக்கு ஒரு 641தான்.

ஆகவே வாசிக்கும் தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். நான் எழுதியதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு தாளை எடுத்து 641ஐ 6,700,417ஆல் பெருக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் செல்லும். பிறகு பலகையின் முதல் 16 கட்டங்களின் கூட்டுத்தொகையான 65,535ஐ இரு வர்க்கங்களின் வித்தியாசத்தால் உடைத்து, அதன் காரணிகள் எத்தனை என்று கண்டுபிடியுங்கள். விடை சரியா என்று எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. சரியாக இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உயர்தரம், கணிதப் பிரிவு மாணவி